ஊர்ப் பணமும் ஊர்த் தெருவும்

மனிதர் கட்டும் பொருள்களுள் தெரு மிக எளியது. ஆயினும் அது யாருடையது என்று கேட்டால் எளிதில் விடை கிடைப்பதில்லை. வீட்டுக்கு உடையவர் உண்டு. வயலுக்கு உடையவர் உண்டு. கோயிலுக்கு அறங்காவலர் உண்டு. தெருவுக்கு உடையவர் யார்? பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அதனைத் தன் வழி என்கிறான். கடைக்காரர் தம் வாசல் என்கிறார். பூ விற்கும் அம்மையார் தம் பிழைப்பிடம் என்கிறார். காரில் வருபவர் தாம் செலுத்தும் வரியால் அமைந்த சாலை என்கிறார். இந்நால்வர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் நால்வரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிற்க இயலாது. ஆதலின் இடத்தைப் பகிர்ந்து கொடுக்கப் பொதுவானதோர் அமைப்பு வேண்டியிருக்கிறது. அதனையே நாம் நகராட்சி மன்றம் என்கிறோம்.

மாணவ நண்பர்களே, ஒரு மாநகரம் தன் நடுவேயுள்ள தெரு ஒன்றைப் பொதுப் பணத்தால் புதுக்கும்போது, அப்பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு செலவாகிறது, யாருக்குப் பயன்படுகிறது, அதனைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் நான்கினையும் இன்று விளக்க விரும்புகிறேன். பொதுவாகப் பேசிச் செல்வதைவிட ஒரு தெருவைச் சுட்டிப் பேசுவது தெளிவு தரும். உங்களுள் பலர் அறிந்த தெருவையே எடுத்துக்கொள்கிறேன். சென்னைத் தியாகராய நகரில் பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே செல்லும் தியாகராய சாலைதான் அது. மக்கள் நாவில் பாண்டி பஜார்.

இத்தெரு தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நூறாண்டுகளுக்கு முன் அங்கே கடைகள் இல்லை, ஏரி இருந்தது. மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920களில் தூர்த்து, வீடுகளும் பூங்காக்களும் அகன்ற சாலைகளும் அமையுமாறு திட்டமிட்டுப் புதுநகர் ஒன்றை எழுப்பினர். நீதிக்கட்சியின் தலைவருள் ஒருவரும், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவருமான சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்கா பெற்றது. பாண்டி பஜார் என்னும் பெயருக்கு இருவகை விளக்கம் கூறுவர். புதுச்சேரியிலிருந்து வந்த வணிகர் கடை வைத்தமையால் வந்த பெயர் என்பார் சிலர். சமுதாயத் தொண்டர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரே சுருங்கி வழங்குகிறது என்பார் வேறு சிலர். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே அரசு ஏட்டில் உள்ள பெயர்.

அங்காடி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பகற்கடைகளை நாளங்காடி என்றும், இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் பழந்தமிழர் வழங்கினர். மதுரையின் வீதிகளில் கோவலன் நடந்து சென்று கண்ட காட்சிகளைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. அவன் நடந்து சென்றான் என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள். கடைவீதி என்பது நடப்பவர்க்கென்றே பிறந்த இடம். வாங்குவோன் நின்று பார்க்க வேண்டும். விலை கேட்க வேண்டும். அடுத்த கடைக்குச் சென்று ஒப்பிட வேண்டும். விரைந்தோடும் வண்டியிலிருந்து இவற்றைச் செய்ய இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் கடைவீதிகள் பலவும் இந்த இயல்பை இழந்தன. தியாகராய நகரில் துணிக்கடையும் நகைக்கடையும் பெருகப் பெருக, வாங்க வருவோர் தொகையும் பெருகிற்று. அவர்கள் ஏறி வந்த ஊர்திகளும் பெருகின. தெருவின் அகலமோ பெருகவில்லை. சாலையின் இருமருங்கும் கார்கள் நின்றன. நடைபாதையில் சிறுகடைகள் நின்றன. நடப்பவர் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடந்தனர். இது வசதிக் குறைவு மட்டுமன்று. உயிரைப் பற்றிய செய்தியுமாகும். இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளால் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர் எந்த ஊர்தியிலும் ஏறாமலேயே ஊர்தியால் மாண்டனர் என்பது இதன் பொருள். நடப்பவர்க்கு நடைபாதை வேண்டும் என்பது அரசியற் சட்டத்தின் 21 ஆம் பிரிவு வழங்கும் உயிர்வாழ் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியதை இத்துடன் சேர்த்து எண்ணுதல் தகும்.

சரி, தெருவைத் திருத்த வேண்டும் என்று ஊர் முடிவு செய்கிறது. பணம் எங்கிருந்து வரும்?

1992 இல் நிறைவேறிய 74 ஆவது அரசியற் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று பதினெட்டினைப் பட்டியலிட்டது. சாலையும் பாலமும், தெருவிளக்கும், ஊர்தி நிறுத்துமிடமும், பேருந்து நிறுத்தமும், நகரத் திட்டமும் அவற்றுள் அடங்கும். பணி உண்டு, அதற்கேற்ற வருவாய் உண்டா? மாநகராட்சிக்குச் சொந்த வருவாய் என்று சொல்லத்தக்கவை சொத்துவரி, தொழில்வரி, உரிமக் கட்டணங்கள், தன் கட்டடங்களின் வாடகை முதலியன. மாநில அரசு தன் வரி வருவாயில் ஒரு பங்கினைத் தருகிறது. நடுவணரசின் மானியங்களும் வருகின்றன. போதாததற்குக் கடன் வாங்குவதும் உண்டு. இவையனைத்தும் ஒரு பெரும் பானையில் விழுகின்றன. குப்பை அள்ளுவோர் ஊதியம், பள்ளிக்கூடம், மருந்தகம், மழைநீர் வடிகால் ஆகிய எல்லாமே அந்தப் பானையிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். ஒரு தெருவுக்கு எடுத்த பணம் வேறொன்றுக்கு எடுக்க முடியாத பணம். நகராட்சிக் கணக்கின் முதற்பாடம் இதுவே.

இந்நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி சென்னையினுடையது. 1688 செப்டம்பர் 29 அன்று அது தொடங்கிற்று. நகர மன்றமும் பள்ளியும் சிறையும் கட்டுதற்கு வரி விதிக்கும் உரிமை அன்றே அதற்கு வழங்கப்பட்டது. ஆனால் நகர மக்கள் வரி கொடுக்க முன்வரவில்லை, மன்றம் திண்டாடிற்று. வரியால் விளையும் நன்மையைக் கண்ணாற் காணாதவரை மக்கள் மனமுவந்து வரி தருவதில்லை என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம்.

பாண்டி பஜாருக்கான பணம் பெரும்பாலும் சொந்தப் பானையிலிருந்து வரவில்லை. நடுவணரசு 2015 ஜூன் மாதத்தில் சீர்மிகு நகரத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஸ்மார்ட் சிட்டித் திட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான். நூறு நகரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய் அளவில் நடுவணரசு வழங்குவது, அதற்கு இணையான தொகையை மாநில அரசும் நகராட்சியும் சேர்ந்து இடுவது என்பது ஏற்பாடு. 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் இருபது நகரங்களுள் சென்னையும் ஒன்று. தியாகராய நகர் அத்திட்டத்தின் தனிப்பகுதியாகக் கொள்ளப்பட்டது. பணத்தைப் பெற்றுப் பணியை நடத்தச் சென்னை சீர்மிகு நகர நிறுவனம் என்னும் ஓர் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 40 கோடி ரூபாய்ச் செலவில் பாண்டி பஜார் நடைபாதை வளாகமாக மாற்றப்பட்டு, 2019 நவம்பர் 13 அன்று திறந்துவைக்கப்பட்டது.

நாற்பது கோடி என்றால் மாணவர்கள் மலைக்கக்கூடும். அதனை வகுத்துப் பாருங்கள். 2011 இல் விரிவடைந்த சென்னை மாநகராட்சியின் எல்லையுள் வாழ்ந்த மக்கள் ஏறக்குறைய 67 இலட்சம். நாற்பது கோடியை அறுபத்தேழு இலட்சத்தால் வகுத்தால் தலைக்கு அறுபது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுதான். எனினும், தண்டையார்பேட்டையில் மழைக்காலந்தோறும் முழங்கால் நீரில் நடக்கும் ஒருவர், 'என் பங்கு அறுபது ரூபாயைத் தியாகராய நகர்க் கடைவீதிக்கு ஏன் கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? நடுநகரத் தெரு அங்கே வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று, திருமணத்துக்குப் புடவை வாங்கவும் பண்டிகைக்குச் சட்டை வாங்கவும் நீங்களும் அங்கேதான் வருகிறீர்கள் என்று கூறலாம். அது உண்மைதான். ஆயினும் முழு விடை ஆகாது. ஒரு தெருவில் கற்ற பாடம் மற்றத் தெருக்களுக்கும் சென்று சேர வேண்டும். அப்போதுதான் அறுபது ரூபாய் கொடுத்தவர்க்குக் கடன் தீர்ந்ததாகும். நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் தருவது என்னும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014 இலேயே ஏற்றது. ஏட்டில் உள்ள அக்கொள்கை எத்தனை தெருக்களில் கல்லாகவும் நிழலாகவும் மாறியது என்று அளந்து பார்ப்பதே குடிமக்கள் செய்யத்தக்க தணிக்கை.

இனி, தெருவில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஊர்திகளை அறவே விலக்கவில்லை. வண்டி ஓடும் பாதையைக் குறுக்கி, அவ்வாறு மீந்த அகலத்தை இருமருங்கும் நடைபாதையாக்கினர். கல் பரப்பினர், இருக்கைகள் இட்டனர், விளக்குகள் நிறுத்தினர், அங்கே முன்பே நின்ற பெருமரங்களை வைத்துக்கொண்டே வேலையை முடித்தனர். சாலையோரம் நின்ற கார்களுக்கு அருகிலேயே பல அடுக்கு ஊர்தி நிறுத்தகம் ஒன்றும் திட்டமிடப்பட்டு, பின்னர் எழுந்தது. நான் ஒரு நாள் மாலை அங்கே நடந்து சென்றபோது, இருக்கைகளில் இருப்பவர் யாரென்று கவனித்தேன். பை நிறையத் துணி வாங்கியவர் சிலர். எதுவும் வாங்காமல் காற்று வாங்க வந்த முதியவர் பலர். கல்லூரி மாணவியர் நால்வர் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்து புத்தகம் ஒன்றைப் பகிர்ந்து படித்துக்கொண்டிருந்தனர். கையில் காசில்லாதவனும் மதிப்போடு உட்காரத்தக்க இடம் ஒரு பெருநகரின் நடுவே மிக அரிது. ஒரு நடுத்தெருவுக்குச் செலவிடும் பொதுப் பணத்தின் மிகச் சிறந்த பயன் அதுவே என்று நான் கருதுகிறேன்.

இத்தகைய திட்டம் எந்நாட்டில் எழுந்தாலும் முதலில் அஞ்சுவோர் கடைக்காரர்கள். வண்டி வாசலுக்கு வராவிட்டால் வாங்குவோரும் வரமாட்டார் என்பது அவர்கள் அச்சம். இவ்வச்சம் எவ்வளவு மெய்யானது என்பதற்கு அயல்நாட்டு வரலாறுகள் இரண்டினைக் கூறுகிறேன்.

டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனின் நடுவே ஸ்ட்ரோயெட் என்னும் நீண்ட கடைத்தெரு உண்டு. 1962 நவம்பரில் அந்நகராட்சி அத்தெருவில் ஊர்திகளை நிறுத்தி, நடப்பவர்க்கு மட்டும் திறந்துவிட்டது. குளிர் மிகுந்த தம் நாட்டில் யார் தெருவில் உலவப் போகிறார்கள் என்று வணிகர் வாதிட்டனர். நகராட்சியோ, இது சோதனைதான், பார்த்து முடிவு செய்வோம் என்றது. ஈராண்டு பார்த்தது. 1964 இல் நிலையான ஏற்பாடாக ஆக்கிற்று. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அத்தெரு, நடந்து செல்வோர்க்கான உலகின் புகழ்பெற்ற கடைவீதிகளுள் ஒன்றாயிற்று.

மற்றொன்று பிரேசில் நாட்டுக் குரிட்டிபா நகரம். 1972 மே மாதத்தில் அதன் மேயர் ஜைமே லெர்னர் என்னும் கட்டடக் கலைஞர், வழக்கு மன்றம் மூடிய வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கி, நகரின் நடுத்தெருவில் ஒரு பகுதியை அவ்வார இறுதிக்குள் நடைவீதியாக்கிவிட்டார். வணிகர் சினந்தனர், நாளடைவில் விற்பனை கூடியதைக் கண்டு, தம் தெருவையும் அவ்வாறே ஆக்குமாறு மற்ற வணிகர் கேட்டனர். கார் உரிமையாளர் சிலர் திரண்டு வந்து தெருவைக் கைப்பற்றப் போவதாகச் செய்தி வந்தது. மேயர் காவற்படையை அழைக்கவில்லை. தெரு நெடுகத் தாளை விரித்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளை அமர்த்திப் படம் வரையச் செய்தார். குழந்தைகள் மேல் யார் காரோட்டுவார்?

இவ்விரண்டு கதைகளையும் உற்று நோக்குங்கள். கோபன்ஹேகனில் நகராட்சி ஆய்ந்து, சோதித்து, காலம் கொடுத்து முடிவு செய்தது. குரிட்டிபாவில் ஒருவர் மூன்று நாளில் முடித்தார். அவர் மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் அல்லர். இராணுவ ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்டவர். இரண்டு தெருக்களும் நன்றாகவே அமைந்தன. அப்படியானால், 'நல்ல தெருவுக்கு மன்றம் எதற்கு? திறமையுள்ள ஓர் அதிகாரி போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். இது சோம்பேறிக் கேள்வியன்று. சென்னைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சென்னை மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியற் சட்டத்தின் விதி. ஆயினும் வழக்குகளாலும் பிற காரணங்களாலும் தேர்தல் தள்ளிப் போயிற்று. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது; மார்ச் மாதத்தில் புதிய மேயர் பதவியேற்றார். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடத்தில் உறுப்பினர் ஒருவரும் இல்லை. மன்றத்தின் அதிகாரங்களைத் தனி அலுவலர் செலுத்தினார். பாண்டி பஜார் வளாகத்தின் பணி நடந்து முடிந்தது இந்தக் காலத்தில்தான்.

அதிகாரிகள் எவரையும் கேளாமல் செய்தனர் என்று நான் கூறவில்லை. பொதுமக்களிடமும் வணிகரிடமும் கருத்துக் கேட்டார்கள். தெருவைச் சோதனையாக மூடியும் பார்த்தார்கள். அவர்கள் ஆக்கிய தெருவை நான் மேலே பாராட்டினேன். அதனை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கருத்துக் கேட்பது வேறு. விடை சொல்லக் கடமைப்படுவது வேறு. கருத்துக் கூறியவன் வீட்டுக்குப் போய்விடுவான். அவன் சொன்னதைக் கொள்வதும் தள்ளுவதும் கேட்டவர் விருப்பம். மன்ற உறுப்பினரோ எழுந்து நின்று, 'என் வட்டத்துக்கு என்ன செய்தீர்?' என்று பதிவேட்டில் ஏறுமாறு கேட்பார். விடை சொல்லியே தீர வேண்டும். தண்டையார்பேட்டைக்காரரின் அறுபது ரூபாய்க் கேள்வியை அந்த ஆண்டுகளில் மன்றத்தில் எழுப்ப அவருக்கு ஓர் உறுப்பினர் இல்லை. இழப்பு அதுதான்.

மன்றம் எதற்கு என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு தெரு திருந்தும்போது எல்லாரும் பயன் பெறுவதில்லை, இழப்போரும் உளர். பாண்டி பஜார் நடைபாதையில் பல ஆண்டுகளாகத் தோடும் வளையலும் கைக்குட்டையும் செருப்பும் விற்றுப் பிழைத்தோர் பல நூற்றுவர். நீதிமன்ற நடவடிக்கைகளைத் தொடர்ந்து, 2013 இல் அவர்கள் அதே தெருவில் மாநகராட்சி கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். வெயிலும் மழையும் படாத கடை கிடைத்தது. ஆனால் மாடி ஏறி வந்து வாங்குவோர் குறைவு என்று அவர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தில் வணிக இயல்பு ஒன்று உண்டு. நடைபாதைக் கடையின் முதல் பொருளன்று, இடம். நடந்து போகிறவர் தற்செயலாக நின்று வாங்குவதே அவ்வணிகம். மாடிக்கு யாரும் தற்செயலாகப் போவதில்லை.

நடைபாதையில் விற்பது, ஒழுங்குக்கு உட்பட்டு, குடிமகனின் தொழிலுரிமையில் அடங்கும் என்று 1989 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நடைபாதையில் நடப்பதும் உரிமை என்று அதே நீதிமன்றம் கூறியதை முன்னரே சொன்னேன். ஓர் உரிமைக்கு ஆறடி கொடுத்தால் மற்றதற்கு எத்தனை அடி? இதனை நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வகுத்துவிட இயலாது. அதனால்தான் 2014 இல் இயற்றப்பட்ட தெருவோர வணிகர் சட்டம், ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு ஒன்று அமைய வேண்டும் என்றது. அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் தெரு வணிகரே தேர்ந்தெடுத்த வணிகர்க்கு. அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இந்தத் தெருவில் இத்தனை பேர், இந்த இடத்தில், இந்த நேரத்தில் விற்கலாம் என்று கூடியிருந்து முடிவு செய்வதற்கே இந்த ஏற்பாடு. கல் பரப்புவதைவிடக் கடினமான வேலை இது. இதற்குப் பணத்தைவிடப் பொறுமை மிகுதியாக வேண்டும்.

இறுதியாக, பலரும் மறந்துவிடும் ஒரு செய்தியைக் கூறுகிறேன். தெருவைக் கட்டுவதற்குப் பணம் தர அரசுகள் உண்டு. காப்பதற்குப் பணம் தர முன்வருவோர் அரியர். திறப்பு விழாவில் நாடாவை வெட்டப் பெரியோர் வருவர். பெயர்ந்த கல்லைப் பதிக்க விழா எடுப்பார் இல்லை. பாண்டி பஜார் வளாகம் திறந்த நான்கு மாதத்தில் கொள்ளைநோய் வந்து நகரமே மூடப்பட்டது. பின்னர்த் தெரு மீண்டும் நிறைந்தது; நடைபாதையில் இருசக்கர வண்டிகள் ஏறி நிற்பதையும், கற்கள் பெயர்ந்து கிடப்பதையும் செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதின. சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச் 31 உடன் முடிவுற்றது. கொடுத்த கை விலகிவிட்டது. தெரு அங்கேயே இருக்கிறது. இனி அதன் விளக்கு எரிவதும், குப்பை அகல்வதும், கல் பதிவதும் மாநகராட்சியின் சொந்தப் பானையைப் பொறுத்தவை. பொதுப் பணத்தால் தெரு சிறந்தால் அங்குள்ள கட்டடங்களின் மதிப்பு உயர்கிறது, வாடகையும் உயர்கிறது. அவ்வாறு உயர்ந்த மதிப்பில் ஒரு சிறு பங்கு சொத்துவரியாகத் திரும்பி வந்து அதே தெருவைக் காக்கவும், மிச்சம் தண்டையார்பேட்டைக்குச் செல்லவும் வேண்டும் என்பது நேர்மையான கணக்கு. அக்கணக்கைப் போட்டு, அதனை ஏற்குமாறு செல்வரிடமும் எளியரிடமும் பேசக்கூடியவர், மீண்டும் அவர்களிடமே வாக்குக் கேட்டு வரவேண்டிய மன்ற உறுப்பினர் அன்றி வேறு யார்? நியமிக்கப்பட்டவர் ஒரு தெருவை மூன்று நாளில் கட்டலாம். அதை முப்பது ஆண்டுகள் காப்பதற்கு ஊராரின் ஒப்புதல் வேண்டும்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு நடுத்தெரு உண்டு. அது மாநகரின் பெருஞ்சாலையாக இருக்கலாம். சிறு நகராட்சியின் கடைவீதியாகவும் இருக்கலாம். நாளை அங்கே பள்ளம் தோண்டிக் கல் இறக்கினால், வேடிக்கை பார்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். இதற்கு எவ்வளவு பணம், அது யார் கொடுத்தது, நடப்பவர்க்கு எத்தனை அடி, விற்பவர்க்கு எத்தனை அடி, இங்கே இருந்தவர் எங்கே போனார், ஐந்தாண்டு கழித்து இதனைப் பழுதுபார்க்கும் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதற்கு இடமும் உண்டு. வட்டந்தோறும் குழுவும் பகுதி சபையும் அமைப்பதற்கான விதிகளைத் தமிழக அரசு 2022 இல் வகுத்திருக்கிறது. மன்றக் கூட்டத்தின் தீர்மானங்களும், வரவு செலவுத் திட்டமும் மறைபொருள் அல்ல; எழுதிக் கேட்டால் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்களுள் ஒருவர் கணக்கைப் படியுங்கள். ஒருவர் அளவுகோல் கொண்டு நடைபாதையை அளந்து பாருங்கள். ஒருவர் பூ விற்கும் அம்மையாரிடம் சென்று, கடையை எங்கே மாற்றினார்கள், விற்பனை எப்படி என்று கேட்டு வாருங்கள். மூவரும் கூடி அந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் ஊர் மன்ற உறுப்பினரிடம் கேட்கவேண்டிய கேள்வி தானே விளங்கும்.